குளக்கட்டு திருந்திவிட்டது, குளிக்க வருபவர்களுக்கு யார் காவல்?

இரணைமடு என்ற பெயரிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆற்றில் ஆழமாகக் கிடக்கும் பகுதி. கனகராயன் ஆற்றின் குறுக்கே பிரித்தானியர் காலத்தில் கட்டு எழும்பியபோது அந்த மடுக்கள் நீருக்குள் போயின. பின்னர் கட்டு பல தடவைகள் உயர்த்தப்பட்டது. கடைசிப் பெரிய புனரமைப்புக்குப் பிறகு குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 36 அடி. கரையில் முழங்கால் அளவு நீரில் நிற்கும் ஒருவருக்கு, சில எட்டுகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஞாயிறு பின்னேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் இந்தக் கட்டில் இப்போது நல்ல கூட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வான்களில் குடும்பங்கள் வருகின்றன. கனகாம்பிகை அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் குளத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் குளத்தைக் காட்டுகிறார்கள். போர்க்காலத்தில் நிம்மதியாக நின்று பார்க்க முடியாமல் இருந்த இடத்தில் மக்கள் சிரித்துக்கொண்டு நிற்பதைக் காண எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மழைக்காலம் நெருங்கும் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு கேள்வி எழுகிறது. இந்தக் குளத்தை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அறுந்துபோன அறிவு

முன்னர் குளத்தோடு வாழ்ந்த ஊர்களில் அதைச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. எந்தத் துறையில் இறங்கலாம், எங்கே சேறு, எங்கே முதலை படுக்கும், எந்த மாதத்தில் அலைகரைப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் மாடு சாய்க்கப் போகும்போதும் மீன் பிடிக்கப் போகும்போதும் பிள்ளைகளுக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. "தம்பி, உதில இறங்காதேங்கோ, உது பழைய ஆத்துவாய்" என்று ஒரு பெரியவர் கட்டில் நின்று சத்தம் போட்டால் போதும்.

இடப்பெயர்வு அந்தச் சங்கிலியை அறுத்தது. 2008 இலும் 2009 இலும் வன்னி முழுவதும் பெயர்ந்தது. பிறகு முகாம் வாழ்க்கை. நீந்தப் பழக வேண்டிய வயதில் பல பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்தபோது சொல்லிக்கொடுக்க வேண்டிய பெரியவர்களில் பலர் இல்லை. குளங்களும் பழையபடி இல்லை. கல்மடுக்குளத்தின் கட்டு 2009 ஜனவரியில் போரின்போது உடைக்கப்பட்டது. வேறு பல குளங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. போதாததற்கு, மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் கட்டுமானத்துக்காக ஆற்றுப்படுகைகளிலும் குளங்களிலும் மணலும் கிரவலும் அள்ளப்பட்ட இடங்களில் புதிய கிடங்குகள் உருவாகின. பழைய ஆட்களுக்கே தெரியாத ஆழங்கள் அவை.

வேளாண்மைக்கு ஒழுங்கு உண்டு

குளத்தைப் பராமரிப்பதில் எங்கள் சமூகம் தோற்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். திரும்பி வந்த கையோடு கமக்காரர் அமைப்புகள் மீண்டும் கூடின. 80 ஹெக்டேயர் வரை, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவற்றின் பராமரிப்பில் கமக்காரர் அமைப்புகளுக்கு இடம் கொடுக்கிறது. பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களங்கள் பார்க்கின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கூட்டம் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசு எப்போது திறப்பது, கால்நடைகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று தீர்மானிக்கிறார்கள். வாய்க்கால் துப்புரவு, கட்டில் பற்றை வெட்டுதல் எல்லாம் சிரமதானமாக நடக்கிறது.

ஆனால் இந்த ஒழுங்கு முழுவதும் வயலை நோக்கியது. குளிக்க வருபவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. திணைக்களத்துக்கு அவர் பயனாளி அல்ல. கமக்காரர் அமைப்புக்கு அவர் உறுப்பினர் அல்ல. உயிர் போன பின்னர்தான் பொலிஸாரும் மரண விசாரணை அதிகாரியும் வருகிறார்கள். நான் சுட்டிக்காட்ட விரும்புவது இந்த இடைவெளியைத்தான்.

மாதம் மாறும்போது ஆபத்தும் மாறும்

குளம் ஆண்டு முழுவதும் ஒரே குளம் அல்ல. ஆபத்தும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

புரட்டாதிக் கடைசியும் ஐப்பசியும்: முதல் மழை. வற்றிக் கிடந்த குளத்தில் கிடங்குகளே முதலில் நிரம்பும். கலங்கல் நீரில் அரை அடி ஆழமும் பத்து அடி ஆழமும் ஒரே நிறம். பிற்பகலில் இடிமின்னலும் இந்தக் காலத்தில்தான் அதிகம். வெட்டவெளியான கட்டிலும் நீருக்குள்ளும் நிற்பது மின்னலுக்கு இலக்காக நிற்பதுதான். இடி கேட்டால் உடனே கரையேறி வாகனத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும்.

கார்த்திகையும் மார்கழியும்: குளம் நிரம்பி வான் பாயும் காலம். கூட்டம் கூடும் காலமும் இதுதான். வானின் அடியில் நுரைத்துப் பாயும் நீர் பார்க்க அழகானது, ஆனால் மிகக் கொடியது. விழுகிற நீர் அடியில் சுழன்று, மாட்டிய ஆளை மீண்டும் வான் பக்கமே இழுக்கும். நுரையில் காற்றுக் கலந்திருப்பதால் உடலை அது நன்றாக மிதக்க விடாது. நன்கு நீந்தத் தெரிந்தவரும் இதிலிருந்து மீள்வது கடினம். வான்கதவு இன்னும் சிறிது உயர்த்தப்பட்டாலே கீழே நிற்பவர்களின் நிலைமை சில நிமிடங்களில் மாறிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து வருகிறது. கிளிநொச்சியில் வெயில் எறித்தாலும் மேலே பெய்த மழை பல மணித்தியாலங்கள் கழித்து இரணைமடுவுக்கு வந்து சேரும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது.

தையும் மாசியும்: குளம் நிறைந்து அமைதியாக இருக்கும். பொங்கல் விடுமுறைக்கு ஆட்கள் வருவார்கள். நீர் அமைதியாக இருப்பதே ஏமாற்றும். கோடையில் கிரிக்கெட் விளையாடிய இடத்துக்கு மேல் இப்போது ஆள் மூழ்கும் நீர் நிற்கும்.

சித்திரையிலிருந்து ஆடி வரை: சிறுபோகத்துக்குத் துருசு திறந்திருக்கும். துருசின் வாய்ப் பக்கம் மேலே அசைவில்லாமல் தெரிந்தாலும் அடியில் இழுவை இருக்கும். அங்கே குளிக்கவே கூடாது. வாய்க்காலில் குளிக்கும் பிள்ளைகளை மதகுகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். சோளகக் காற்று பலமாக வீசும்போது காற்றடித்த ரியூப்பிலோ மெத்தையிலோ மிதப்பவரைக் காற்று நடுக்குளத்துக்குத் தள்ளிவிடும்.

ஆவணியும் புரட்டாதியும்: நீர் வற்றி ஒடுங்கும். முதலைகளும் மிஞ்சிய நீருக்குள் ஒடுங்கும். பொழுதுபட்ட பின்னர் நீரோரம் போகாதிருப்பதும், கால்நடை நீர் குடிக்கும் துறையில் பிள்ளைகளை விடாதிருப்பதும் நல்லது. சேறு காய்ந்தது போலத் தோன்றும் இடத்தில் கால் புதையும்.

2018 டிசெம்பர் கற்பித்தது

புனரமைக்கப்பட்ட இரணைமடு திறந்துவைக்கப்பட்ட அதே மாதத்தில், 2018 டிசெம்பர் 21 ஆம் திகதி இரவு பெய்த கடும் மழையால் குளம் வேகமாக உயர்ந்தது. வான்கதவுகள் திறக்கப்பட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை உள்ளிட்ட தாழ்வான பகுதிகள் வெள்ளத்துக்குள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் விசாரணை வரை சென்றது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. கதவு திறக்கும் செய்தி கீழே இருப்பவரை நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வயலில் நிற்பவருக்கும் வீட்டில் படுத்திருப்பவருக்கும் அந்தச் செய்தி எவ்வளவு தேவையோ, வானடியில் குளித்துக்கொண்டிருப்பவருக்கும் அவ்வளவு தேவை.

ஓடும் வெள்ளத்தைக் கடப்பதும் இதே வகை ஆபத்துத்தான். 2024 நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மாணவர்கள் உயிரிழந்தனர். ஒரு கன மீற்றர் நீரின் நிறை ஒரு தொன். வேகமாக ஓடினால் முழங்கால் அளவு நீரே ஒரு பெரிய ஆளை விழுத்தும்.

ஒருவர் மூழ்கினால்

மூழ்குபவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். ஆகவே முதலில் நீருக்குள் இறங்காதீர்கள். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். தடி, கயிறு, சேலை, சாரம், எது கைக்கு அகப்படுகிறதோ அதை நீட்டுங்கள். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்ரிக் கானை எறியுங்கள். அதைப் பிடித்தபடி ஒருவர் மிதக்கலாம்.

கரைக்கு எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்குவதோ வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதோ கூடாது. அதில் நேரம்தான் போகும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி, இரண்டு தடவை ஊத வேண்டும். அம்புலன்ஸ் வரும் வரை 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990. பொலிஸுக்கு 119. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. பிழைத்து எழும்பியவர் இருமிக்கொண்டோ மூச்சு வாங்கிக்கொண்டோ இருந்தால் கட்டாயம் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணித்தியாலங்கள் கழித்தும் நிலைமை மோசமாகலாம்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

நான் கேட்பது புதிய திணைக்களம் அல்ல. இருக்கிற அமைப்புகளே செய்யக்கூடிய சில வேலைகள்.

ஆவணியில் குளம் வற்றியிருக்கும்போது கமக்காரர் அமைப்பும் நன்னீர் மீன்பிடியாளர் அமைப்பும் சேர்ந்து அலைகரையை ஒருமுறை நடந்து பார்க்கலாம். கிடங்கு இருக்கும் இடங்களைக் குறித்து, நீர் நிரம்பினாலும் வெளியே தெரியுமளவுக்கு உயரமான கம்பம் நட்டுச் சிவப்புத் துணி கட்டலாம். மீன்பிடியாளர்களுக்குக் குளத்தின் அடி அத்துபடி. அவர்களிடம் கேட்டாலே போதும்.

குளிக்கக்கூடிய ஒரு துறையைத் தெரிந்து, அதன் எல்லையைக் கயிறு கட்டிக் காட்டலாம். எல்லா இடமும் தடை என்று பலகை போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே குளியுங்கள், அங்கே வேண்டாம் என்றால் கேட்பார்கள். துறைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் கயிறும் இரண்டு வெற்றுக் கான்களும் தொங்கட்டும். கதவு திறக்கும் முன்னர் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். நீர்ப்பாசன அலுவலர், கிராம அலுவலர், கோயில் நிர்வாகம் மூவரின் தொலைபேசி இலக்கங்களும் ஒருவரிடம் ஒருவர் இருந்தால் போதும்.

வருகிறவர்களும் செய்யவேண்டியவை உண்டு. குடித்துவிட்டு நீரில் இறங்க வேண்டாம். போத்தலைக் கட்டில் உடைக்க வேண்டாம். அது நாளை வெறுங்காலோடு வரும் கமக்காரரின் காலில்தான் ஏறும். பிள்ளைகள் நீரில் நிற்கும்போது ஒரு பெரியவர் தொலைபேசியை வைத்துவிட்டு அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் பழக்குவதும், கரையில் நிற்பவர்களுக்கு முதலுதவி பழக்குவதும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகளில் அடங்கும். பெண்பிள்ளைகளையும் இதில் சேர்க்க வேண்டும். 2018 இலும் அதற்குப் பிறகும் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது அது ஆண், பெண் பார்த்து வரவில்லை.

காலபோகக் கூட்டங்கள் பெரும்பாலும் மழைக்கு முன்னர் நடக்கும். விதைப்புத் திகதியும் நீர் விநியோகமும் பேசி முடிந்த பிறகு, குளிக்க வருபவர்களின் பாதுகாப்பையும் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயமாகச் சேர்க்கும்படி உங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பிடம் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். கட்டின் கிழக்குப் பக்கம் யார் பார்ப்பது, மேற்குப் பக்கம் யார் பார்ப்பது, கயிறும் கானும் யார் வாங்குவது என்று பெயரோடு எழுதிக்கொண்டு கூட்டத்தை முடிக்கலாம்.