ஆடிப் பட்டமும் ஹிஜ்ரிக் கணக்கும்

கூடுவாஞ்சேரியில் மனை வாங்கிக் குடியேறிய நம் குடும்பங்கள் பல, வீட்டைச் சுற்றி எஞ்சிய சிறு மண்ணில் முருங்கையும் மருதாணியும் அவரையும் வளர்க்க விரும்புகின்றன. எப்போது விதைப்பது எனக் கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ‘ஆடியில்’ என்பர். அங்கேதான் சிலருக்குத் தயக்கம். ஆடி என்றதும் கோயில் திருவிழா நினைவுக்கு வர, ஹிஜ்ரி மாதங்கள் இருக்க இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்கின்றனர்.

பிறையைக் கொண்டு எண்ணும் ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே. பருவத்தோடு பொருந்துவதற்காக அரபியர் முன்பு இடையில் சேர்த்துவந்த கூடுதல் மாதத்தைக் குர்ஆன் விலக்கிவிட்டது. ஆகவே 2000-இல் கார்த்திகை மாதத்தில் தொடங்கிய ரமளான், 2016-இல் ஜூன் வெயிலில் வந்தது. எந்நாட்டவரும் எல்லாப் பருவத்திலும் நோன்பு நோற்க இது வழிசெய்கிறது. கத்தரி விதைக்கு அது உதவாது.

முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஸ்பெயினின் குர்துபாவில் கலீஃபா இரண்டாம் ஹகமின் காலத்தில், 961-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட நாட்காட்டி, ஜனவரி முதலான சூரிய மாதங்களின்படியே உழவுப் பணிகளைக் கூறுகிறது. எகிப்திய உழவர் கிப்தி மாதங்களைப் பின்பற்றினர். யமனில் 13-ஆம் நூற்றாண்டில் ரஸூலி சுல்தான் அஷ்ரஃப் உமர் தாமே ஒரு வேளாண் பஞ்சாங்கம் எழுதினார். (அரசர் எழுதிய பஞ்சாங்கம் என்பதால் மழை கூடுதலாகப் பெய்திருக்காது!)

நமக்கு மிக அண்மையிலுள்ள சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடக்கிறது. அடங்கலிலும் ஜமாபந்தியிலும் காணும் ‘பசலி’ என்ற ஆண்டுதான் அது. பருவம் என்று பொருள்படும் ‘ஃபஸ்ல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். சந்திர ஆண்டின்படி நிலவரி வாங்கினால் சூரியக் கணக்கில் 32 ஆண்டுகளுக்குள் 33 வரிகள் விழும்; விளைச்சலோ 32 முறைதான். உழவன் தலையில் விழும் இந்தக் கூடுதல் சுமையை நீக்கவே முகலாயர் வரிக்கணக்கைச் சூரியனுக்கு மாற்றினர். அக்பர் தொடங்கியதை ஷாஜஹான் தக்காணத்திற்குக் கொண்டுவந்தார். ஹிஜ்ரி 1046, அதாவது 1636, அதன் தொடக்கம். அன்று இரண்டும் ஒரே எண். பிறகு பிறை தன் வேகத்தில் ஓடியது. 2024 ஜூலையில் பசலி 1434 பிறந்தபோது ஹிஜ்ரி 1446 பிறந்தது. இடைவெளி பன்னிரண்டு ஆண்டுகள். தமிழ்நாட்டில் பசலி இன்றும் ஜூலை முதல் நாளில்தான் பிறக்கிறது. ஆடிக்கு இரு வாரம் முன்பு.

ஆடியின் சிறப்பு நம் வானிலையில் இருக்கிறது. செங்கல்பட்டுப் பகுதிக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. ஆடித் தூறலில் முளைக்கும் அவரையும் புடலையும் பாகலும் அதற்குள் பந்தலேறி வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் முளைக்கும் நாற்று தேங்கிய நீரில் அழுகும். முருங்கைப் போத்தையும் மருதாணிக் குச்சியையும் அப்போதே ஊன்றலாம். முருங்கை மட்டும் காற்றுக்கு எளிதில் முறியும். 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயலைக் கண்டவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். மழைக்கு முன்பே அதன் உயரக் கிளைகளைக் கழித்துவிடுவது நல்லது. பந்தல் அவரைக்கோ பொறுமை வேண்டும். மார்கழிப் பனி இறங்கிய பின்னரே அது கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்.