கவிமதுவைக் களவாடிய கடவுள்



ஒரு தெய்வத்தைக் கும்பிட்டவர்கள் எல்லோரும் மறைந்துபோன பின்னர் அந்தத் தெய்வத்துக்கு என்ன நேர்கிறது? கோயில் மண்ணாகிறது, பூசை நின்றுவிடுகிறது, காலப்போக்கில் பெயரும் மறந்து போகிறது. எத்தனையோ தெய்வங்களுக்கு ஏற்பட்ட கதி இது. ஆனால் வட ஐரோப்பாவின் பண்டைத் தெய்வங்களுக்கெல்லாம் தலைவனாகிய ஒடினுக்கு அது நேரவில்லை. அவனைக் காப்பாற்றியவர்கள் பூசாரிகள் அல்லர், கவிஞர்கள். அதிலும் விசேடம், அவனை நம்பாத, ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள். இவ்வார உரையில் அந்தக் கதையைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

ஒடினை ஜேர்மானியரும் பழைய ஆங்கிலேயரும் வோடன் என்றார்கள். கி.பி. 98 இல் 'ஜேர்மானியா' என்ற நூலை எழுதிய றோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், இம்மக்கள் எல்லாத் தெய்வங்களிலும் மேர்க்குரியையே மேலாக வணங்குகிறார்கள் என்கிறார். மேர்க்குரி றோமருடைய தெய்வம். டாசிட்டஸ் இங்கே குறிப்பது வோடனையே என்பது அறிஞர் பலரின் கருத்து. றோமர் மேர்க்குரியின் நாள் என்றழைத்த கிழமையை ஆங்கிலேயர் வோடனின் நாள் ஆக்கிக்கொண்டனர். அதுதான் வெட்னெஸ்டே. மேர்க்குரி என்ற கோளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் புதன். கோள்களின் பெயரால் கிழமைகளை வழங்கும் முறை கிழக்கிலும் மேற்கிலும் பரவிய ஒன்றாகையால், எமது புதன்கிழமையும் அவர்களது ஒடின் கிழமையும் ஒரே நாளாக அமைந்துவிட்டன.

ஒடினின் பெயர் பொறித்த மிகப் பழைய சான்று அண்மையிலேதான் கிடைத்தது. 2020 இல் டென்மார்க்கின் விண்டலெவ் என்னும் இடத்தில் ஒரு தங்கப் புதையல் வெளிப்பட்டது. அதிலிருந்த மெல்லிய தங்கப் பதக்கமொன்றின் ரூன் எழுத்துக்களை ஆய்வாளர்கள் 2023 இல் வாசித்தறிந்தனர். ஒருவனை ஒடினின் ஆள் என்று அப்பதக்கம் சொல்கிறது. காலம் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம்.

அந்த ஆளின் தெய்வம் எப்படிப்பட்டது? அன்பே உருவான தெய்வம் என்று நினைத்துவிடாதீர்கள். உழவர்கள் தோர் என்னும் இடித்தெய்வத்தை நம்பினார்கள். தோர் வாக்கு மாறாதவன். ஒடின் அரசருக்கும் போர்வீரருக்கும் கவிஞருக்கும் உரியவன். வெற்றியைக் கொடுப்பான், கொடுத்த கையாலேயே பறிப்பான். பதினோராம் நூற்றாண்டில் பிறேமன் நகரத்து ஆதாம் என்ற பாதிரியார், சுவீடனின் உப்சாலாவில் ஒன்பது ஆண்டுகளுக்கொருமுறை நடந்த பலி பற்றி எழுதியிருக்கிறார். மனிதரும் நாய்களும் குதிரைகளும் ஒரே சோலையில் தூக்கிலே தொங்கினவாம். அவர் நேரில் கண்டவரல்லர், பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர். ஆகவே முழுவதையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் தூக்கிலிடப்பட்டோரின் கடவுள் என்று பழைய கவிஞர்களே ஒடினை அழைத்திருக்கிறார்கள்.

இத்தகைய ஒருவனிடத்தில் என்னை ஈர்ப்பது அவனுடைய அறிவுத் தாகம். மீமிரின் கிணற்று நீரை ஒரு வாய் பருகுவதற்குத் தன் கண்ணொன்றை விலையாகக் கொடுத்தான். ரூன் எழுத்துக்களின் மறைபொருளை அறிய, தன்னையே ஈட்டியால் குத்தி, தன்னையே தனக்குப் பலியாக்கி, உணவும் நீரும் இன்றி ஒன்பது இரவுகள் மரத்திலே தொங்கினான். அவனுக்கு இரண்டு அண்டங்காக்கைகள். நாள்தோறும் உலகைச் சுற்றி வந்து செய்தி சொல்பவை. ஒன்றின் பெயர் சிந்தனை, மற்றதின் பெயர் நினைவு. சிந்தனை திரும்பி வராமற் போய்விடுமோ என்று அவன் அஞ்சுகிறான். நினைவு வராமற் போய்விடுமோ என்று அதைவிட அதிகமாக அஞ்சுகிறான். இத்தனை அறிவும் அவனுக்குத் தேடித் தந்தது என்ன? இறுதிப் போரில் ஃபென்றிர் என்ற ஓநாய் தன்னை விழுங்கப் போகிறது என்ற செய்தி. அதை அறிந்துகொண்டே அவன் அந்தப் போருக்கு ஆள் சேர்க்கிறான்.

கவிதை பிறந்த கதையும் இவனுடையதே. குவாசிர் என்ற பேரறிஞனைக் குள்ளர் இருவர் கொன்று, அவன் குருதியைத் தேனோடு கலந்து மது வடித்தனர். குடித்தவன் கவிஞனாவான். அந்த மது சுட்டுங் என்ற அரக்கனின் கைக்குப் போய், மலைக்குள்ளே அவன் மகள் குன்லோத்தின் காவலில் இருந்தது. ஒடின் பாம்பாகி மலைத் துளையில் நுழைந்தான், மூன்று இரவுகள் அவளோடு தங்கினான், மூன்று மிடறுக்கு அனுமதி பெற்று, மூன்று கலங்களையும் வற்றக் குடித்தான், கழுகாகிப் பறந்தான். அரக்கனும் கழுகாகித் துரத்தினான். தேவர்கள் வைத்திருந்த மிடாக்களில் ஒடின் மதுவை உமிழ்ந்தான். அவசரத்தில் சிறிதளவு பின்புறமாகவும் வெளியேறிவிட்டது. அதை எவரும் சட்டை செய்யவில்லை. விரும்பியவன் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதுவே போலிக் கவிஞர்களின் பங்காயிற்றாம். பத்திரிகைக் காரியாலயங்களில் வாரந்தோறும் வந்து குவியும் கவிதைகளைப் புரட்டியவர்களுக்கு இந்தக் கதையில் சந்தேகமே வராது.

ஏமாற்றப்பட்ட குன்லோத்தை அழவிட்டு வந்த களவு அது. கவிதையின் பிறப்பில் கொலையும் வஞ்சகமும் இருப்பதை அம்மக்கள் மறைக்க முயலவில்லை.

இனி ஐஸ்லாந்துக்கு வருவோம். அந்நாட்டின் பழைய உரைநடைக் கதைகளுக்குச் 'சாகா' என்று பெயர். தமிழ்க் காதுக்கு அச்சொல் வேறு பொருள் தருவது தற்செயலே. அவற்றுள் ஒன்று பத்தாம் நூற்றாண்டுக் கவிஞன் எகிலின் கதையைக் கூறுகிறது. வாள் வீரன், முரடன், கொலைக்கு அஞ்சாதவன். அவனுடைய மகன் பொத்வார் கடலிலே படகு கவிழ்ந்து இறந்தான். மகனைப் புதைத்துவிட்டு வந்த எகில், படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டு பட்டினி கிடந்து சாகத் துணிந்தான். மூன்றாம் நாள் தாய் ஆளனுப்ப, மகள் தோர்கெர்த் வந்தாள். தந்தையோடு தானும் சாகப் போவதாகச் சொல்லி உள்ளே நுழைந்தாள். சிறிது நேரத்தில் எதையோ மென்றாள். என்னவென்று கேட்டான். கடற்பாசி, சாவை விரைவுபடுத்தும் என்றாள். அவனும் வாங்கி மென்றான். பாசியின் உப்பினால் தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டபோது கொம்புக் குவளையில் வந்தது பால். குடித்த பிறகே இருவரும் ஏமாற்றப்பட்டதாக மகள் 'கண்டுபிடித்தாள்'! எகில் சினத்தில் குவளையின் விளிம்பைக் கடித்தெறிந்தான். இனிப் பட்டினி பலிக்காது, தம்பிக்கு ஓர் இரங்கற்பா பாடுங்கள், நான் கோலில் செதுக்கி வைக்கிறேன் என்று அவள் மெல்லக் கேட்டுக்கொண்டாள்.

அவன் பாடினான். அந்தக் கவிதை இன்றும் இருக்கிறது. கடலின்மீது வாளெடுக்க முடியாத முதியவனின் கோபம் அதில் இருக்கிறது. நம்பியிருந்த ஒடின் நட்பை முறித்துவிட்டான் என்று குற்றம் சாட்டுகிறான். இனி அவனை விரும்பி வணங்கமாட்டேன் என்கிறான். அப்படிச் சொல்லிவிட்டு, இழப்புக்கு ஈடாக அவன் எனக்கொன்று தந்திருக்கிறான், குற்றமற்ற கவித்தொழில், என்று ஒப்புக்கொள்கிறான். பாடப்பாட எகிலுக்கு வலு திரும்பியது என்கிறது சாகா. பக்திப் பாடல் என்று இதைச் சொல்லமுடியாது. ஆனால் ஒடினைப் பற்றி இதைவிட உண்மையான சாட்சியத்தை நான் வாசித்ததில்லை.

கி.பி. 1000 அளவில் ஐஸ்லாந்தின் ஆல்திங் பேரவை கிறிஸ்தவத்தை ஏற்றது. ஒடின் வழிபாடு போயிற்று. ஆனால் கவிஞர்களால் அவனை விடமுடியவில்லை. காரணம் அவர்களுடைய மொழிநடை. அவர்கள் எதையும் நேரே சொல்லமாட்டார்கள். கவிதையைக் குவாசிரின் குருதி என்பார்கள்; ஒடினின் மது என்பார்கள். முப்புரமெரித்தவன் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டுமல்லவா, அதுபோலத்தான். கதை மறந்தால் முந்நூறு ஆண்டுக் கவிதையும் பொருளற்ற சத்தமாகிவிடும்.

இதை உணர்ந்தவர் ஸ்நொரி ஸ்டர்லூசன். 1179 இல் பிறந்தவர். பேரவையில் சட்டம் உரைக்கும் பதவியை இருமுறை வகித்தவர். எகிலின் பண்ணையான போர்க்கில் சிலகாலம் வாழ்ந்தவர். எகிலின் சாகாவை எழுதியவரே அவர்தான் என்று கருதுவோரும் உண்டு. 1220ஐ ஒட்டிய ஆண்டுகளில் இளங் கவிஞர்களுக்கென அவர் எழுதிய செய்யுளிலக்கண நூலே 'எட்டா'. கிறிஸ்தவர் இத்தெய்வங்களை நம்பலாகாது, ஆனால் இக்கதைகளை மறக்கவும் கூடாது என்பது அவர் நிலை. எதிர்ப்பு வராமலிருக்க ஓர் உபாயமும் செய்தார். ஒடின் கடவுளல்லன், திரோய் நகரத்து வழியில் ஆசியாவிலிருந்து வந்த ஓர் அரசன் என்று முன்னுரையில் எழுதிவிட்டார். சட்டம் படித்தவரின் புத்தி!

அந்தப் புத்தி அவர் உயிரைக் காக்கவில்லை. நோர்வே அரசன் ஹாக்கோனின் பகையைத் தேடிக்கொண்டார். 1241 செப்டெம்பரில் ஓரிரவு, றெய்க்கொல்ட்டிலிருந்த அவரது வீட்டு நிலவறையில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஸ்நொரிக்கு ஆதாரமாயிருந்தவை போன்ற பழம் பாடல்களைத் தாங்கிய தோலேட்டுச் சுவடி ஒன்று அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. ஒடின் மரத்தில் தொங்கிய செய்தி அதிலேதான் இருக்கிறது. கைக்கு அடக்கமான சிறு சுவடி. 1643 இல் பிஷப் பிறின்யொல்வுர் ஸ்வைன்சனின் கைக்கு வந்தது. 1662 இல் டென்மார்க் அரசனுக்கு அன்பளிப்பாகக் கப்பலேறியது. ஐஸ்லாந்து சுதந்திரம் பெற்றதும் தன் ஏடுகளைத் திருப்பிக் கேட்டது. நீண்ட வழக்குகளின் பின் டென்மார்க் இணங்கியது. விமானத்தை நம்பாமல் கடற்படைக் கப்பலிலே அனுப்பினார்கள். 1971 ஏப்ரல் 21 ஆம் திகதி, அது புதன்கிழமையாகவும் இருந்தது, றெய்க்யவிக் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் காத்து நின்றனர். வந்திறங்கியவை 45 தோலேடுகள். இடையிலிருந்த எட்டு ஏடுகள் என்றோ தொலைந்துவிட்டன.