சொல் தங்கும் இடம்: பாராடாங்கை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்த தீவு பாராடாங். அங்கு ஓர் அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருவர் பணிபுரிவதாகக் கொள்வோம். 2020-க்கு முன் ஒருவர் மற்றவருக்கு இணையவழி அனுப்பிய ஒரு வரிச் செய்தி, ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி, பெருநிலத்தில் இறங்கி, எங்கோ உள்ள வழங்கியை அடைந்து, மீண்டும் வான்வழியே திரும்பியது. இணைப்பு அறுந்தால் அடுத்த மேசையும் எட்டாத தொலைவாயிற்று.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் ஏழு பிற தீவிடங்களையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடி இழைவடம் திறக்கப்பட்டது. வேகம் கூடியது, ஆனால் சொல் தங்கும் இடம் மாறவில்லை.

தொடக்கத்தில் நிலை வேறு. 1988-இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி., அப்பல்கலைக்கழகக் கணினியிலேயே இயங்கத் தொடங்கியது. 1999-இல் ஜெரெமி மில்லர் அறிவித்த ஜாபர், எவரும் தமக்கென வழங்கி நிறுவி, மின்னஞ்சலைப் போலப் பிற வழங்கிகளோடு உரையாட வழிவகுத்தது. 2013-இல் ஸ்லாக் அறிமுகமான பின்னர், வசதி கருதிப் பல அலுவலகங்கள் தம் உரையாடலை வாடகை வீட்டிற்கு மாற்றின. வாடகை வீட்டின் விதிகளை வகுப்பவர் உரிமையாளரே. 2024 ஆகஸ்டு முதல், கட்டணமில்லாக் கணக்குகளில் ஓராண்டைக் கடந்த செய்திகளை ஸ்லாக் அழிக்கத் தொடங்கியது.

சொந்த வழங்கி மட்டும் போதுமா? 2018-இல் அட்லாசியன் நிறுவனம் ஹிப்சாட்டைக் கைவிட்டபோது, அதைத் தம் கணினியிலேயே நிறுவியிருந்தோரும் மாற்றிடம் தேட நேர்ந்தது. ஆகவே, மூலநிரல் திறந்திருத்தல் முதல் அளவுகோல். மேட்டர்மோஸ்ட், சூலிப் ஆகியவற்றின் மூலநிரல்கள் 2015-இல் திறந்த உரிமத்தில் வெளிவந்தன. வெளி இணைப்பின்றி உள்வலைப்பின்னலில் இயங்குதல் இரண்டாவது. உரையாடல் முழுவதையும் பெயர்த்தெடுக்க இயலுதல் மூன்றாவது.

இத்தன்னாட்சிக்கும் எல்லை உண்டு. கைபேசியில் ஒலிக்கும் அறிவிப்பு பெரும்பாலும் ஆப்பிள், கூகுள் வழங்கிகளின் வழியே வருவதால், வெளி இணைப்பு அறுந்தால் அது மௌனமாகும். மேசைக்கணினி உரையாடலோ தொடரும். மென்பொருளை இற்றைப்படுத்தவும், நாள்தோறும் நகலெடுத்து வேறோரிடத்தில் வைக்கவும், அந்நகல் மீள்கிறதா எனச் சோதிக்கவும் பொறுப்பாளர் வேண்டும். அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் கடவுச்சொல்லும் உடன் சென்றுவிட்டால், சொந்த வழங்கியும் அயலானதே.

வரலாற்று மாணவர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. காலனியக் கால அந்தமானை நாம் அறிவது, அன்றைய அலுவலர் எழுதிய கடிதங்களும் கோப்புகளும் எஞ்சியதால். இன்றைய அலுவலகம் கோப்பில் எழுதுவதற்கு முன் உரையாடல் செயலியில் முடிவெடுக்கிறது. அவ்வுரையாடலை எங்கே வைப்பது என்பது தொழில்நுட்பத் தெரிவு மட்டுமன்று. நாளைய ஆவணக்காப்பகத்தில் தீவின் குரல் இருக்குமா என்பதற்கான தீர்ப்பும் ஆகும்.