தவறணையில் ஒரு கிண்ணம்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், சிலாபத்தைக் கடந்து வடக்கே சென்றால் முந்தல் வரும். மேற்கே களப்பு, அதற்கப்பால் உடப்பும் கடலும், கிழக்கே தென்னந்தோட்டங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் செய்தி ஒன்றுக்காக அப்பக்கம் சென்றிருந்தபோது, சாலையோரத் தவறணை ஒன்றில் நண்பகல் வெயிலுக்குக் கள் அருந்தினேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உறவினர் ஒருவர், தாமே காய்ச்சித் தாமே விற்கும் சிறு மதுச்சாலை ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்று கோதுமை பியரைச் சுவைக்கும் முறையைக் கற்பித்திருந்தார். முதலில் கலங்கலைப் பார்க்க வேண்டும், பின் நுரை, பின் மணம். வாழைப்பழமும் கராம்பும் சேர்ந்த வாசனை வரவேண்டும் என்றார். வந்தது. அவ்விரண்டில் எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை. நொதியின் வேலை அது.

அந்த அளவுகோலுடனேயே முந்தல் கள்ளையும் அணுகினேன். கலங்கல் உண்டு, அரிசி கழுவிய நீர் போல. நுரையும் உண்டு. புளிப்பு சற்று முந்தி நின்றது. வலிமையில் இரண்டும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். ஆனால் கள்ளைக் காய்ச்ச வேண்டியதில்லை. கட்டித் தட்டிப் பதப்படுத்திய பாளையைச் சீவினால் வடியும் இனிப்பு நீர், முட்டியில் விழும்போதே காற்றிலுள்ள நொதிகளால் புளிக்கத் தொடங்குகிறது. சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். ஒன்றிரண்டு நாள் கடந்தால் காடி.

கோதுமை பியரும் ஒருகாலத்தில் ஆட்சியாளரின் கைக்குள் இருந்ததுதான். 1516ஆம் ஆண்டின் பவேரியச் சட்டம் பியருக்கு வாற்கோதுமையை மட்டுமே அனுமதித்தது. கோதுமை பியர் காய்ச்சும் தனியுரிமை 1548இல் டெகன்பெர்க் பிரபுக் குடும்பத்துக்குச் சென்று, 1602இல் ஆட்சியாளர் மாக்சிமிலியனிடம் மீண்டது. பானம் கெட்டதென்று தடுத்தவர்களே அதன் வருவாயை அனுபவித்தார்கள். 1872இல் கேயோர்க் ஷ்னைடர் என்பவர் அவ்வுரிமையைப் பெற்றார்; அவர் பெயரிலான காய்ச்சகம் இன்றும் இயங்குகிறது.

இலங்கையின் கதை இதைவிடக் கசப்பானது. பிரித்தானியர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமை ஏலம் விடப்பட்டது. கூடிய தொகைக்குக் கேட்டவரே குத்தகைக்காரர். கரையோரத் தனவந்தக் குடும்பங்கள் சில தம் முதலை இக்குத்தகையிலேயே திரட்டின; குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். ஜெரோனிஸ் டி சொய்சா அவர்களுள் ஒருவர். பணம் திரண்டது, பட்டங்கள் வந்தன, மருத்துவமனைகளும் எழுந்தன. மரமேறியவனின் பெயர் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டத்தையொட்டிக் கள்ளும் சாராயமும் தனித்தனியே விற்கப்படலாயின. புதிய கள்ளுத் தவறணைகள் பெருகவே, மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்க ஆகியோர் அதில் முன்னின்றனர். 1915 கலவரத்தின்போது அவர்கள் கைது செய்யப்பட்டதும், பொன்னம்பலம் இராமநாதன் சிங்களவருக்காக வாதாடியதும் வாசகர் அறிந்ததே. நியாயமான இயக்கம்தான். ஆயினும் அரசு வருவாயைக் கணக்கிட்டது, தலைவர்கள் ஒழுக்கத்தைக் கணக்கிட்டார்கள். கள் நல்ல கள்ளா என்பதை இரு தரப்பாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. (தவறணை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. தமிழர் குடித்ததற்கு நம் சொல், குடித்த இடத்துக்கு அவர்கள் சொல்!)

அன்று என் பக்கத்து வாங்கில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். முப்பது ஆண்டுகள் சீவல் தொழில் செய்து, மரத்திலிருந்து விழுந்தபின் விட்டவர். இடது கால் மடங்காது. நான் கிண்ணத்தைத் தூக்கிப் பார்ப்பதையும் முகர்வதையும் சற்று நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்ன தம்பி தேடுறீங்க?"

மியூனிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டுத் தம் கிண்ணத்தில் ஒரு மிடறு மட்டும் அருந்தினார்.

"இது மரத்துக் கள்ளில்லை. சீனி ஊறவச்சது கலந்திருக்கு. நாக்கு நுனியில இனிக்குது, தொண்டையில ஒண்டுமில்லை. மரத்துக் கள்ளெண்டா பாளை வாசம் மூக்கில ஏறும்."

செயற்கைக் கள்ளைப் பற்றி நானும் பலமுறை செய்தி திருத்தியிருக்கிறேன். அனுமதிப்பத்திரம், அபராதம், வரி இழப்பு ஆகியவையே அச்செய்திகளில் இருக்கும். பாளை வாசம் என்ற சொல் அவற்றில் வந்ததில்லை.

யாரிடமாவது முறையிடலாமே என்றேன்.

"யாரிட்டச் சொல்ல? அவங்களுக்கு லீற்றர்க் கணக்குத்தான் தெரியும்."

காசைக் கொடுத்துவிட்டு இருவரும் வெளியே வந்தோம். என் கிண்ணம் பாதியும் அவருடையது ஏறக்குறைய முழுதுமாக மேசையிலேயே இருந்தன.