பிள்ளையின் குறிப்பறிதல்



அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறோம். இன்று மிகச் சிறிய ஒரு செய்தியைப் பார்ப்போம். கைக்குழந்தை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதைப் பற்றிய செய்தி அது. 'இதற்குமா சரித்திரம்?' என்று சிரிக்க வேண்டாம். இதற்கும் சரித்திரம் உண்டு. அதில் நம் பாட்டிமாருக்கு ஓர் இடமும் உண்டு. பல குழந்தைகளின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். தாய் தரையில் காலை நீட்டி உட்காருகிறாள். இரண்டு பாதங்களுக்கும் நடுவே பிள்ளையை உட்கார வைத்துக் கையால் தாங்கிக்கொள்கிறாள். 'உஸ்ஸ்' என்று மெல்ல ஓசை எழுப்புகிறாள். சற்று நேரத்தில் பிள்ளை போய்விடுகிறது. தூளியில் கிடக்கும் பிள்ளை நெளிந்தால், முகம் சிவந்து முக்கினால், 'பிள்ளை ஆய் போகப் போகுது, தூக்கு' என்று பாட்டி குரல் கொடுக்கிறாள். சீனத் தாய்மாரும் இப்படித்தான். பிள்ளையின் தொடைகளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சீழ்க்கை ஒலி எழுப்புவார்கள். அடிப்பக்கம் திறந்த காற்சட்டையும் போட்டுவிடுவார்கள்.

இது வெறும் பழக்கமா, அறிவா? பால் குடித்தவுடன் குடல் அசைவது உடலின் இயல்பு. தூங்கி எழுந்ததும் பிள்ளை சிறுநீர் கழிப்பதும் இயல்பு. நம் தாய்மார் எந்த நூலையும் படிக்காமலே இந்த நேரங்களை அறிந்து வைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்கு அடக்கும் சக்தி கிடையாது. அந்தப் பருவத்தில் பழகுவது பிள்ளையை விடத் தாய்தான்.

நம் புலவர்கள் பிள்ளைத்தமிழில் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வாரானை என்று கணக்கு வைத்தார்கள். அந்தக் கணக்கு இதற்கும் பொருந்தும். செங்கீரைப் பருவத்தில் கழுத்து நின்றுவிடுகிறது. காலில் வைப்பது எளிது. சப்பாணி கொட்டும் பருவத்தில் பிள்ளை தானே உட்காருகிறது. சின்னச் சட்டியில் உட்கார வைக்கலாம். நடக்கத் தொடங்கியதும் பிள்ளை ஓடும், முரண்டு பிடிக்கும். அப்போது அடித்து உட்கார வைக்கக் கூடாது. பயந்து அடக்கிக்கொண்டால் மலச்சிக்கல் வரும். இரண்டு வயதையொட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லவும் சற்றுப் பொறுக்கவும் கற்கிறார்கள். இராத்திரி நனையாமல் இருக்க இன்னும் நாளாகும்.

தாய்க்குப் பிள்ளையின் குறிப்புத் தெரிந்தது. ஆனால், பிள்ளை கழித்தது எங்கே போயிற்று? இங்கேதான் சிங்கப்பூரின் கதை தொடங்குகிறது.

சிராங்கூன் சாலையையும் தேக்காவையும் பலர் அறிவீர்கள். மாட்டுத் தொழில் நடந்த இடம் அது. பக்கத்திலுள்ள கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கே எருமைத் தொழுவம் என்றுதான் பொருள். அந்த வட்டாரத்திலும் நகரின் பிற பகுதிகளிலும் கடைவீடுகளுக்குள் பலகைத் தடுப்புகள் போட்டு, ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்தன. கழிவு வாளிகளில் சேர்ந்தது. அந்த வாளிகளை ஆட்கள் சுமந்து போனார்கள். பல வீடுகளில் வாளி வீட்டுக்குள்ளேயே நடந்து முன்வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

பேராசிரியர் சிம்ப்சன் என்ற சுகாதார நிபுணர் 1906இல் வந்து ஆராய்ந்து, 1907இல் அறிக்கை கொடுத்தார். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளே நோய்க்கு வீடு என்று அவர் காட்டினார். வீடுகளின் பின்புறம் சந்துகள் வெட்ட வேண்டும் என்றார். இன்று லிட்டில் இந்தியாவில் கடைவீடுகளின் பின்னால் நாம் காணும் சந்துகள் அந்தச் சிந்தனையின் வழியில் வந்தவை. காற்று வருவதற்கும் கழிவு பின்வழியே போவதற்கும் அவை உதவின. 1913இல் அலெக்சாண்ட்ரா சாலையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆயினும் வாளி முறை எளிதில் மறையவில்லை. 1987 ஜனவரியில்தான் சிங்கப்பூரின் கடைசி வாளி எடுக்கப்பட்டது.

இதே காலத்தில் தாய்மாரைத் தேடியும் உதவி வந்தது. 1924இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இலவசப் பிரசவ மருத்துவமனையாயிற்று. 1966இல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓர் ஆண்டில் அத்தனை பிரசவம் உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. நகருக்கு வெளியே கம்பங்களில், ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி 1920களின் பிற்பகுதியிலிருந்து தம் உதவியாளர்களோடு வீடு வீடாகச் சென்றார். அவர் வந்த காலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 250க்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. 1948இல் அவர் ஓய்வு பெற்றபோது அது 60க்கும் கீழே இறங்கியிருந்தது. நல்ல தண்ணீரும் மருந்தும் சாக்கடை வசதியும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் வாசற்படி ஏறிச் சொல்லிக்கொடுத்தவர்களின் பங்கும் சிறியதல்ல.

அப்படியானால் பாட்டியின் முறை தவறு, மேல்நாட்டு முறையே சரி என்று எண்ணிவிடலாமா? மேல்நாட்டாரும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1930களில் அமெரிக்க அரசின் கையேடுகள், பிள்ளையை முதல் மாதங்களிலேயே கடிகாரம் பார்த்துக் கண்டிப்பாகப் பழக்கச் சொல்லின. 1962இல் பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர், பிள்ளை தயாராகும்வரை காத்திருங்கள் என்றார். அவர் கவனித்த 1,170 பிள்ளைகள் பகலில் பழகி முடிக்கச் சராசரியாக 28.5 மாதம் ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டுதான் பேம்பர்ஸ் என்ற காகித அணையாடை அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்தது. சிங்கப்பூரில் 1960இல் தொடங்கிய வீவக அடுக்குமாடி கட்டிக் குடும்பங்களைக் குடியேற்றியது. வீட்டுக்குள்ளே குழாயும் கழிப்பறையும் வந்தன. காலப்போக்கில் காகித அணையாடையும் வந்தது. ஈரம் தெரியாததால் தாய்க்கு வேலை குறைந்தது; குறிப்பறியும் பழக்கமும் குறைந்தது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? 1977இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அங்கே தாய்மார் பிள்ளை பிறந்த சில வாரங்களிலேயே காலில் வைத்து ஓசை எழுப்பிப் பழக்குகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் பிள்ளை பெரும்பாலும் நனைப்பதில்லை என்று அது சொன்னது. லாரி பௌக்கே என்ற அமெரிக்கப் பெண்மணி, ஓர் இந்தியப் பெண்ணிடம் இந்த முறையைக் கேட்டறிந்து தம் மகனை வளர்த்தார். பின்னர் அதை நூலாக எழுதினார். 'எலிமினேஷன் கம்யூனிகேஷன்' என்ற பெயரில் படித்த தாய்மார் இன்று இதைக் கற்கிறார்கள். நம் பாட்டி காலை நீட்டிச் செய்தது, கடல் கடந்து போய்ப் புதுப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது!

ஆகவே நம் முறையைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு பாதிதான் நம்மிடம் இருந்தது. மறுபாதியைத்தான் நகரம் கற்றுக்கொடுத்தது.

தோட்டத்து லயங்களை எண்ணிப் பாருங்கள். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் தாய் பிள்ளையை வாசலிலோ கானோரத்திலோ உட்கார வைப்பாள். பகலில் ஆயாக் கொட்டகையில் ஒரே ஆயா பல பிள்ளைகளைப் பார்ப்பாள். 'பச்சைப் பிள்ளை மலத்தில் என்ன கெடுதல்?' என்ற எண்ணமும் இருந்தது. அது தவறு. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, இளம்பிள்ளைவாதம் ஆகியவற்றின் கிருமிகள் பிள்ளையின் மலத்திலும் இருக்கும். கொக்கிப்புழுவின் முட்டையோ ஈரமான சூடான மண்ணில் பொரிந்து, வெறுங்கால் வழியே உடலுக்குள் ஏறி இரத்தத்தை உறிஞ்சும். மலாயாத் தோட்டங்களில் சோகை பிடித்துப் பால்வெட்டப் போக முடியாமல் கிடந்தவர்கள் பலர். அதை ஆராய 1915ஆம் ஆண்டு தொடங்கிய ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழு மலாயாவுக்கும் வந்தது. தொழிலாளி சோம்பேறி என்று பழிக்கப்பட்ட இடத்தில், உண்மையான குற்றவாளி மண்ணிலிருந்த புழு என்பது தெளிவாயிற்று.

ஆகவே, தாய்மார்களே, பிள்ளையின் குறிப்பை அறிவதை விட்டுவிடாதீர்கள். காலில் வையுங்கள், ஓசை கொடுங்கள், போகாவிட்டால் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுங்கள். வாசலில் வேண்டாம், ஒரு சட்டியில் பிடித்துக் கழிப்பறையில் கொட்டுங்கள். காகித அணையாடை கட்டினாலும் அதிலுள்ள மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். கானிலும் ஆற்றிலும் எறியாதீர்கள். பிறகு பிள்ளையைக் கழுவிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இது தாய்க்கு மட்டும் உரிய வேலையுமல்ல. தகப்பன் காலை நீட்டினாலும் பிள்ளை போகத்தான் செய்யும்.

பாட்டியின் கண்ணும் தாதியின் சவர்க்காரமும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கட்டும். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.