வரைபடத்தை நம்பாத கர்னல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிறவர்களுக்குக் கல்வராயன் பெரிய மலைதான். அதன் உயரமான பகுதிகள் ஏறத்தாழ 4,000 அடி. ஆனால் வடக்கே காரகோரம் மலைத்தொடரில் சியாச்சின் பனியாற்றின் அடிமுனையே சுமார் 12,000 அடியில் இருக்கிறது. அங்கிருந்து 75 கி.மீ. நீளத்துக்கு மேலேறிப் போகிறது பனி. அந்தப் பனியாறு இன்று இந்தியாவின் கையில் இருப்பதற்கு முதல் காரணம் ஒரு மலையேறி. அவர் கர்னல் நரேந்திர குமார்.

1933-ல் ராவல்பிண்டியில் பிறந்தவர். ராணுவப் பயிற்சிக் காலத்தில் குத்துச்சண்டை மேடையில் இவர் எதிர்கொண்டது, பின்னாளில் தலைமைத் தளபதியான ரோட்ரிக்ஸை. தோற்றார், ஆனால் விடாமல் பாய்ந்த பாய்ச்சலுக்குக் ‘காளை’ என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

1960-ல் எவரெஸ்ட் உச்சிக்கு 700 அடி இருக்கும்போது மோசமான வானிலை அவரைத் திருப்பி அனுப்பியது. அடுத்த ஆண்டு நீலகண்ட சிகரப் பயணத்தில் பனிக்கடி நான்கு கால்விரல்களைக் கொண்டுபோனது. அத்தோடு ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1964-ல் நந்தா தேவிப் பயணத்துக்குத் தலைமை ஏற்றார். 1965-ல் ஒன்பது இந்தியர்களை எவரெஸ்ட் உச்சியில் நிறுத்திய குழுவுக்குத் துணைத் தலைவர். 1977-ல் கஞ்சன்ஜங்காவை வென்ற ராணுவக் குழுவும் அவருடையதே.

அந்தக் காலத்தில்தான் ஒரு ஜெர்மானியர் வழியாக அமெரிக்க வரைபடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1949 இந்திய-பாகிஸ்தான் உடன்பாட்டின்படி வரையப்பட்ட போர்நிறுத்தக் கோடு என்.ஜே.9842 என்ற புள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே மனிதர் போகாத பனிதானே என்று இரு நாடுகளும் விட்டுவிட்டன. அந்த வரைபடமோ கோட்டைக் காரகோரம் கணவாய் வரை இழுத்து, சியாச்சினைப் பாகிஸ்தான் பக்கம் சேர்த்திருந்தது. வெளிநாட்டு மலையேறிகளும் பாகிஸ்தானின் அனுமதியோடு அங்கே வரத் தொடங்கியிருந்தார்கள்.

குமார் வரைபடத்தோடு ராணுவ நடவடிக்கைகள் இயக்குநர் ஜெனரல் சிப்பரிடம் போனார். அனுமதி கிடைத்தது. 1978-ல் குழுவோடு பனியாற்றில் ஏறினார். முன்பே வந்துபோனவர்கள் விட்டுச்சென்ற குப்பைகள் அங்கே சாட்சியாகக் கிடந்தன. 1981-ல் மீண்டும் போய், அதன் மேல்முனையிலுள்ள இந்திரா கோல் வரை பனியாற்றை முழுக்க நடந்து அளந்தார். படங்களும் வழித்தடங்களும் ராணுவத்தின் கைக்கு வந்தன.

1984 ஏப்ரல் 13. கேப்டன் சஞ்சய் குல்கர்னி தலைமையில் குமாவுன் படைப்பிரிவு வீரர்கள், சுமார் 18,000 அடி உயர பிலாஃபோண்ட் லா கணவாயில் ஹெலிகாப்டரில் இறங்கினார்கள். சியாச்சினைக் கைப்பற்றும் ‘ஆபரேஷன் மேகதூத்’ தொடங்கியது. குமாரும் அதே குமாவுன் படைப்பிரிவுக்காரர்தான்.

மலையேற்றத்தை வீரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த ஆறு ஆண்டுகளைப் படிக்க வேண்டும். குமாருக்குக் கீர்த்தி சக்ரா கிடைத்தது. பின்னாளில் 21 பாரா சிறப்புப் படையின் சௌரப் சிங் ஷெகாவத்தும் அதே விருதைப் பெற்றார். அவரும் மலையேறிதான், எவரெஸ்ட் ஏறியவர். எதிரியைத் தேடிப் போகிற வீரனுக்கு முதலில் மலையைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு காகிதத்தில் கிடைக்காது. நடந்துதான் சேர்க்க வேண்டும்.

2020 டிசம்பர் 31 அன்று குமார் காலமானார். சியாச்சினில் ஒரு ராணுவ முகாம் இன்றும் ‘குமார் பேஸ்’ என்றே வழங்குகிறது. நம் பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் பெயரை அறிந்து வளர வேண்டும்.

(அடுத்த வாரம்: 1987-ல் 21,000 அடி உயரப் பனிச்சுவரில் ஏறிய பாணா சிங்)