முற்றுப்பெறாத தோம்பு

‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்பது யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் உருவாக்கிய கலைநூல். 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. போரில் இடம்பெயர்ந்த இலங்கை வடக்கு, கிழக்குத் தமிழ்பேசும் மக்கள், தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த 80 தரைப்படங்களே இதன் அடிப்படை.

ஒவ்வொரு வீடும் மூன்று முறை வரையப்பட்டிருக்கிறது. முதலில் வீட்டுக்காரரே போட்ட படம். விறாந்தையும் சாமியறையும் குசினியும் கிணற்றடியும் எங்கே இருந்தன என்பதை அளவுகோல் அறியாத கை சொல்கிறது. அடுத்து, அதையே கட்டடக்கலை முறைப்படி திருத்திய வரைபடம். மூன்றாவது, சனாதனனின் உலர் பாஸ்டல் ஓவியம். கலைத்திறன் மூன்றாவதில்தான், ஆனால் நெஞ்சை அறுப்பது இரண்டாவது. சுவருக்கு இரட்டைக்கோடு, கதவு திறக்கும் பக்கத்துக்கு ஒரு வளைவு என்று, புதுவீடு கட்ட அனுமதி கேட்டுக் கொடுக்கும் பிளான் போலவே இருக்கிறது அது. வீடு எழும்பும் முன் போட வேண்டிய படம், வீட்டை இழந்த பின் போடப்பட்டிருக்கிறது.

தோம்பு என்பது போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு. குடும்பத்தார் பெயர், நிலம், அதில் நிற்கும் மரங்கள் எல்லாம் வரிக்காக அதில் ஏறின. ஆள்வோர் குடிமக்களைப் பற்றி எழுதிய ஏட்டின் பெயரை, குடிமக்களே எழுதிய ஏட்டுக்குச் சூட்டியதில் சனாதனனின் குறும்பும் கோபமும் தெரிகின்றன.

மக்கள் இந்த வீடுகளை இழந்தது ஒரே தடவையில் அல்ல. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 1995 அக்டோபர் 30 அன்று இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயங்களுக்குள் அகப்பட்ட வீடுகளை உரியவர்கள் எட்டிப் பார்க்கவும் முடியவில்லை.

ஆளில்லாத அறையைக் கொண்டு பேரழிவைச் சொல்வது உலக ஓவியத்துக்குப் புதிதல்ல. பெல்ஜிய ஓவியர் லுக் டைமன்ஸ் 1986இல் வரைந்த ‘காஸ்காமர்’, நாஜி முகாமின் நச்சுவாயு அறையை வெளிறிய வெற்றறையாகக் காட்டுகிறது. தலைப்பைப் படித்த பிறகுதான் பார்ப்பவருக்குத் திடுக்கிடும். அங்கே அறை கொலைக்களம். இங்கே அது சோறு சமைத்த இடம், பிள்ளை படித்த மூலை. வரைந்தவர் அதற்குள் வாழ்ந்தவர்.

1969இல் பிறந்த சனாதனன் டெல்லியில் ஓவியம் பயின்றவர்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கிறார்.